பிஜிக்குப் போன கால்

இருதயநாதனைப் பற்றிப் பாலக்கரையில் ஒரு பேச்சு உண்டு. அவன் காலைத் தாண்டிப் பந்து போகாதாம். மாமனார் வாயைத் தாண்டி அவன் போக மாட்டானாம். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் குறைவு. அவனும் கூடவே சிரித்துவிட்டுப் போய்விடுவான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்கு ரோஷம் ஒரு கேடா?

மாமனார் தொம்மை சுருட்டுக் கொட்டகை வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து சுருட்டு உருட்டுகிற மற்ற எல்லாருக்கும் சனிக்கிழமை கூலி உண்டு. மருமகனுக்கு மூன்று வேளைச் சோறு உண்டு, சோற்றோடு சேர்த்துப் பேச்சும் உண்டு.

"சூசை, மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்தும்மா. பந்து உதைச்சு ஊர் மானத்தைக் காப்பாத்திட்டு வந்திருக்காருல்ல. கையால உழைக்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனா? காலால உழைக்கிறவருக்குத்தான் கறி வைக்கணும்."

நாதனின் மனைவி சூசையம்மாள் தலையைக் குனிந்துகொண்டே குழம்பு ஊற்றுவாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாதனோ கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் விருந்தாளி. புருஷன் பெண்டாட்டிக்குப் படுக்கை, புகையிலைச் சிப்பம் அடுக்கிய பின்னறையில். அந்த நெடியில் அவர்களுடைய சின்னப் பெண் ஓயாமல் இருமும். இருமல் கேட்டால் முன்கட்டிலிருந்து கிழவர், "அது என்ன, நாய் குரைக்குது?" என்று கேட்பார். பேத்தி என்று தெரிந்துதான் கேட்பார்.

முப்பத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததும் பிஜிக்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் ரெங்கராஜ். கொள்ளிடக் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைக் கூலிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு ஆசை காட்டிக் கப்பலேற்றி அனுப்பியிருந்தான். போனவர் கரும்பு வெட்டினார், சவுக்கடி பட்டார், ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே நிலம் பிடித்தார், பஸ் வாங்கினார். இப்போது கோட்டும் தங்கப் பல்லுமாகத் திரும்பி வந்து, ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். கடல் கடந்தவனுக்கு வீடு கொடுக்கலாமா என்று தெருவில் இரண்டு நாள் சாஸ்திரம் பேசினார்கள். வாடகையைக் கேட்டதும் சாஸ்திரம் வாயை மூடிக்கொண்டது.

அவருக்கு இரண்டு காரியம். ஒன்று, சித்திரைத் தேருக்கு வடம் பிடிக்கிற வேண்டுதல். மற்றது புட்பால்.

பாலக்கரைப் பையன்கள் வேலை முடிந்ததும் பாலம் தாண்டி வந்து, காவிரி மணலை ஒட்டிய திடலில் ஆடுவது வழக்கம். ஒரு சாயங்காலம் ரெங்கராஜ் அங்கே வந்து நின்றார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"எங்க ஊரும் இந்த ஸ்ரீரங்கம் மாதிரி தீவுதாம்பா. இங்க சுத்தி ஆறு, அங்க சுத்தி சமுத்திரம். ஒரு தீவு ரெண்டு தீவு இல்ல, எண்ணி மாளாது. ஒரு மேட்ச் ஆடணும்னா படகுல போகணும், வாந்தி எடுத்துக்கிட்டே கரையேறி ஆடணும். வடக்கத்திக்காரங்க டீம் வச்சிருக்காங்க, ஆலைக்கார வெள்ளைக்காரன் டீம் வச்சிருக்கான். நம்ம தமிழாளுங்க எல்லார்கிட்டயும் தோத்துட்டு வந்து சாராயம் குடிக்கிறானுங்க. கால்ல பலம் இருக்கு. ஆட்டந்தான் இல்ல. பந்து போற பக்கம் செம்மறியாட்டுக் கூட்டமா ஓடறானுங்க. சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன்னு சங்கத்துல சொல்லிட்டு வந்திருக்கேன். குடும்பத்தோட கப்பல் டிக்கெட், சம்பளம், தனி வீடு."

நாதன் காதில் மற்றதெல்லாம் விழுந்ததோ இல்லையோ, தனி வீடு விழுந்தது.

வேறு யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாத் தலையும் சேக் மைதீன் பக்கம் திரும்பியது. மைதீன் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவன். பாலக்கரை டீமின் சென்டர் பார்வர்டு. அவன் கோல் போட்டால் தெருவே சாப்பிட்ட மாதிரி சந்தோஷப்படும். கோல் போடுகிறவன்தான் ஆட்டக்காரன், ஆட்டக்காரன்தான் வாத்தியார் என்பது பாலக்கரையின் கணக்கு. டீமில் யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது விட்டுக் கொடுக்க வேண்டும் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பின்னால் பேக்காக நின்ற நாதன்தான். ஆனால் பின்னால் நிற்கிறவனை யார் திரும்பிப் பார்த்தார்கள்? அவனே அப்படித்தான் நம்பினான். அதுதான் வினையாக முடிந்தது.

"என்னடா மைதீன், போவியா?" என்று திரும்பி வரும்போது பாலத்தில் நாதன் கேட்டான்.

"அம்மா தனியா இருக்குமேடா. கூட வரேன்னு சொன்னா போகலாம். பாப்போம், அல்லா விட்ட வழி." மைதீன் சிரித்தான். "நான் போயிட்டா உனக்குக் கட்டு கட்ட யாரு இருக்கா?"

கட்டு என்றால் கால் கட்டு. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, பாதத்திலிருந்து கெண்டைக்கால்வரை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். பாலக்கரை டீமில் யாரும் தன் காலைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. தானே கட்டினால் பின்பக்கம் தொளதொளத்துப் போகும் என்பது ஒன்று. தன் கட்டைத் தானே கட்டுகிறவன் அநாதைப் பிணத்துக்குச் சமானம் என்று ஒரு நம்பிக்கை இன்னொன்று. அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை ஒருவர் கட்டுவார்கள். நாதன் கால் மைதீன் பொறுப்பு, மைதீன் கால் நாதன் பொறுப்பு. மைதீனுடைய இடது கணுக்கால் முன்பு ஒரு தரம் பிசகியது. அதனால் அந்தக் காலுக்கு மட்டும், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் குறுக்கே எட்டு போட்ட மாதிரி துணியை மாற்றி மாற்றிச் சுற்றி இறுக்கிய பிறகுதான் நாதன் மேலே ஏறுவான். அந்த எட்டு இருக்கிறவரை அந்தக் கால் யார் காலுக்கும் குறைந்ததில்லை.

மாசியில் ஒரு மேட்ச் ஏற்பாடாயிற்று. எதிரே ஆங்கிலோ இந்தியர்களின் டைமண்ட் கிளப், எல்லாரும் பூட்ஸ்காரர்கள். மேட்சைப் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்கிறேன் என்று ரெங்கராஜ் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் நாதன் பின்னறையில் உட்கார்ந்து மனைவியிடம் கேட்டான். "அந்தாளு என்னைக் கூப்பிட மாட்டாரா, சூசை?"

சூசையம்மாள் இருமுகிற பெண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "மைதீன் அண்ணன் இருக்கிற வரைக்கும் உங்களை யாரு பாக்கப் போறா?" என்றாள். அவள் மனதில் ஒரு விகற்பமும் இல்லை. இருக்கிறதைச் சொன்னாள். ஆனால் அவன் மனதில் அது போய் உட்கார்ந்த இடம் நல்ல இடமில்லை.

மேட்சன்று திடலைச் சுற்றி நல்ல கூட்டம். ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். தோல் பந்து மேலே பட்டால் தீட்டு என்று, பந்து வரும்போதெல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். கோல் பக்கம் பந்து போனால் தீட்டை மறந்து முண்டியடித்தார்கள்.

ஓரமாக ஒரு புங்க மரத்தடியில் கட்டு கட்டிக்கொண்டார்கள். முதலில் மைதீன் நாதனுக்குக் கட்டினான். முறையாக, அவசரமில்லாமல், முட்டிக்குக் கீழே முடிச்சு உறுத்தாதபடி உள்ளே மடித்துச் செருகினான். பிறகு தன் இடது காலைத் தூக்கி நாதன் தொடைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். தன் காலை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கால் நாதனுடையது, அவன் ஏன் பார்க்க வேண்டும்?

நாதன் பாதத்தைச் சுற்றினான். கணுக்காலுக்கு வந்தான். கை ஒரு கணம் நின்றது. பிறகு குறுக்கே போகாமல் நேராக மேலே ஏறிவிட்டது. எட்டுக்கு வேண்டிய துணி மிச்சமாகுமே, அதைக் கெண்டைக்காலில் கூடுதலாகச் சுற்றித் தடிப்பாக்கினான். பார்க்கிறவர்களுக்கு எப்போதையும்விடப் பலமான கட்டாகத் தெரிந்தது.

"இறுக்கமா இருக்கா?"

"உன் கைக்கு என்னடா, பூட்டு போட்ட மாதிரி இருக்கு," என்றான் மைதீன். குதித்து எழுந்து ஓடினான்.

அப்போது நாதனுக்கு வெட்கமாக இல்லை, பயமாகவும் இல்லை. பிசகும், ஒரு மாதம் உட்காருவான், அவ்வளவுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ஒருவன் காலில் இவ்வளவுதான் சேதம் வரலாம் என்று அளந்து கொடுக்க இவன் என்ன ஆண்டவரா?

பாதி ஆட்டம்கூட முடியவில்லை. உயர வந்த பந்தைத் தலையால் முட்ட மைதீன் எழும்பினான், முட்டினான், இடது கால் முதலில் தரையில் பட்டது. கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. அவன் சாய்வதற்குள் கூடவே எழும்பிய டைமண்ட் கிளப்காரன் பூட்ஸும் ஆளுமாக அதன்மேல் விழுந்தான். முருங்கைக் கொம்பு ஒடிகிற சத்தம் கேட்டது. பின்னால் தூரத்தில் நின்ற நாதனுக்கே அது கேட்டது.

எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவர் ரெங்கராஜ்தான். கரும்புக் காட்டில் கத்தி பட்ட காலும் ஒடிந்த காலும் அவர் நிறையப் பார்த்தவர். மண்டியிட்டு உட்கார்ந்து, யாரையும் தொடவிடாமல், முடிச்சை அவிழ்த்துச் சுற்று சுற்றாகத் துணியைப் பிரித்தார். கெண்டைக்காலில் பிரித்தார், கீழே வந்தார், பாதத்தில் பிரித்தார். துணியைச் சுருட்டினார். மைதீன் வலி தாங்காமல் மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இதை யாரு கட்டினது?"

"நான்தாங்கய்யா," என்றான் நாதன்.

அவர் துணிச் சுருளை அவன் கையில் கொடுத்தார். மைதீனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மிச்ச ஆட்டத்தில் நாதன் ஆடியது போல் அவன் ஆயுசில் ஆடியதில்லை. டைமண்ட் கிளப்காரர்கள் தலைகீழாக நின்றும் ஒரு கோல் போட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் ரெங்கராஜ் அவன் தோளில் தட்டி, "நல்லா ஆடினே," என்றார். அது போதாதா? வீடு வந்து சேர்வதற்குள் அவன் பிஜியில் முருங்கைக் கன்று நட்டு முடித்துவிட்டான்.

மைதீனுக்கு எலும்பு கட்டுகிற வைத்தியர் வந்து, முட்டை வெண்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாதன் தினம் போய்ப் பார்த்தான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் முதலில் போனான். மைதீனுடைய தாயார் சாரா பீவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மைதீன் அவளை அதட்டுவான்.

"சும்மா இரும்மா. நாதன் கட்டினதாலதான் இந்த மட்டோட போச்சு. வேற எவனாச்சும் கட்டியிருந்தா பாதமே தனியா வந்திருக்கும்."

அந்த வீட்டில் கொடுத்த டீயை நாதன் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வருவான். மனுஷனுக்குத் தொண்டை என்று ஒன்று இருக்கிறதே, அது எதையும் இறக்கும்.

பத்தை பிரித்தபோது கால் கோணிக்கொண்டு கூடியிருந்தது. இனி கக்கத்துக் கட்டை இல்லாமல் நடக்க முடியாது என்றார் வைத்தியர். தோல் கிடங்கில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பக்கம் சூசையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது யார் இருக்கிறார்கள், என் புருஷனை விட்டால்? தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒரு மத்தியானம் கிழவர் வழக்கம்போல், "கறி வை, காலால உழைக்கிறவருக்கு," என்று ஆரம்பித்ததும் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"போதும்ப்பா. இத்தனை வருஷம் நீங்க போட்டது சோறு இல்ல, பிச்சை. நாங்க கப்பலேறினப்புறம் எம்பொண்ணு இருமினா நாயின்னு சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க செத்தாக்கூட தந்தி அடிக்காதீங்க."

கிழவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கல்யாணமான பிறகு முதல் தடவையாக நாதன் அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் ரெங்கராஜ் ஆள் அனுப்பினார். நாதன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனான். அவர் வடம் பிடித்துக் கன்றிப்போன உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு நாதா. உண்மையைச் சொல்லிடறேன். முதல்ல நான் உன்னைத்தான் நெனச்சிருந்தேன்."

நாதனுக்கு அந்த 'முதல்ல' உறைக்கவில்லை. அவன் சிரித்தான்.

"முன்னாடி ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனோம். நல்ல ஆட்டக்காரனுங்க. ஒருத்தனை ஆலைக்காரன் தன் டீமுக்கு இழுத்துக்கிட்டான். இன்னொருத்தன் கப்பல்ல வேலை கிடைச்சுச் சொல்லாம கொள்ளாம போயிட்டான். சின்ன ஊரு, எங்ககிட்ட என்ன இருக்கு? ஓட முடிஞ்சவன் ஓடிடறான். அதான் இந்தத் தடவை சென்டர் பார்வர்டு கின்டர் பார்வர்டெல்லாம் வேணாம், வயசாகப் போற பேக்கு ஒருத்தன் போதும், எவனும் கொத்திக்கிட்டுப் போக மாட்டான்னு உன்னைக் குறிச்சு வச்சிருந்தேன். மேட்ச் அன்னிக்கு சாயங்காலம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"ஐயா..."

"இப்ப ஆண்டவனே பாத்து மைதீனைக் கொடுத்துட்டான். அவனுக்குத் தெரியாத ஆட்டம் இல்ல, ஓடறதுக்குக் காலும் இல்ல. சாகிற வரைக்கும் எங்க ஊருலதான் கிடப்பான். இதைவிட வாத்தியார் எங்க கிடைப்பான், சொல்லு?" அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். "நீயே போய்ச் சொல்லிடு. நீ சொன்னா ரொம்ப சந்தோஷப்படுவான்."

நாதன் போய்ச் சொன்னான். வேறென்ன செய்ய முடியும்? மைதீன் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். "நீதான்டா அவர்கிட்ட எனக்காகப் பேசியிருப்பே, எனக்குத் தெரியும்," என்றான். சாரா பீவி அவன் தலையைத் தொட்டு துஆ செய்தாள்.

போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கொழும்பு, பிறகு சமுத்திரம். புறப்படுகிற அன்று காலையில் ஜங்ஷனில் பாலக்கரையே திரண்டிருந்தது. தாயாரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, மைதீன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கோணல் காலை நீட்டினான். மடியிலிருந்து துணிச் சுருளை எடுத்தான்.

"கடைசியா ஒரு தடவை கட்டிவிடுடா. வண்டி ஆட்டத்துல வலிக்கும்."

நாதன் கீழே உட்கார்ந்தான். காலைத் தொடையில் எடுத்து வைத்துக்கொண்டான். பாதத்தைச் சுற்றிக் கணுக்காலில் குறுக்கே எட்டு போட்டான். அதன்மேல் இன்னொரு எட்டு போட்டான். பரிகாரம் என்று நினைத்தானோ என்னவோ, கண் கலங்கியது. ரெங்கராஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணுக்கால்ல நல்லா எட்டு போடறியே."

"அவன் கட்டே அப்படித்தான் மாமா," என்றான் மைதீன் பெருமையாக. "எட்டு போடாம மேல போகவே மாட்டான்."

"அப்படியா? அன்னிக்கு நான் அவுத்தப்ப எட்டு இல்லையே."

"விழுந்த வேகத்துல கழண்டிருக்கும்."

"சுத்தின துணிதான் கழலும் தம்பி. கெண்டைக்கால்ல நாலு சுத்து கூடவே இருந்துச்சு, கணுக்கால்ல குறுக்குச் சுத்து ஒண்ணுகூட இல்ல." வெயிலைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி சொல்லிவிட்டு, பெட்டி படுக்கை ஏற்றியாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

மைதீன் சிரித்தபடியே நாதனைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. 'மறந்துட்டேன்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான். நாதன் தலையைக் குனிந்துகொண்டான். கையில் முடிச்சு பாதியில் இருந்தது.

மணி அடித்தார்கள். மைதீன் காலை இழுத்துக்கொண்டான். கட்டையை ஊன்றி எழுந்து, கை கொடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, தானே தொற்றி ஏறினான்.

வண்டி நகர்ந்தது. எல்லாரும் கையாட்டினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த மைதீன் குனிந்தபடி இருந்தான். வெளியே பார்க்கவே இல்லை. பெட்டி பிளாட்பாரத்தின் கோடியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு நீளத் துணி வெளியே வந்து, காற்றில் கொஞ்ச தூரம் இழுபட்டு, தண்டவாளத்தில் விழுந்தது. வீசி எறியவில்லை. கையை விட்டான், அவ்வளவுதான்.

நாதன் பாலக்கரைக்கு நடந்தே வந்தான். வீட்டில் இலை போட்டிருந்தது. சூசையம்மாள் அழுது வீங்கிய முகத்தோடு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கிழவர் முன்கட்டில் காத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பேசாமல் இருந்தது இன்றைக்காகத்தான் போலும்.

"வாங்க மாப்பிள்ளை, வழியனுப்பிட்டு வந்தாச்சா? உக்காருங்க. சூசை, மாப்பிள்ளைக்குப் பிச்சை போடும்மா. இனிமே எங்கயும் போற அவசரம் இல்ல, நிதானமா சாப்பிடட்டும்."

நாதன் உட்கார்ந்தான். பின்னறையில் பெண் இருமியது. கிழவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். நாதன் சோற்றைப் பிசைந்தான்.